மடித்து விட்ட நுனி

அத்தியாயம் 9

கேசட்டை அலமாரியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தது போன வாரம். அதைத் தொடுவதற்கு இன்றைக்குத்தான் ஆள் வருகிறது. நடுவில் ஏழு நாள் அந்த வீட்டில் எப்படிப் போனது என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டோர்க்காரர் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த மேசையைச் சுற்றி வந்தார். பூஞ்சை பிடித்திருக்கும், வருகிற ஆளின் மெஷினும் சேர்ந்து கெட்டுப்போகும் என்று ஏழு நாளும் ஒரே பாட்டு. அவர் மனைவி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வாரம்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோர்க்காரர் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் டேப் ஸ்டோரை முப்பத்தொரு வருஷம் கட்டி ஆண்டவர். எந்த டேப் எந்த அடுக்கில் இருக்க வேண்டும், எதைக் காப்பாற்ற வேண்டும், எதை அழித்து மறுபடி உபயோகத்துக்குக் கொடுக்க வேண்டும், எல்லாம் அவர் கைதான். அந்த நிலையம் ஒரு காலத்தில் 'சேராத கடிதங்கள்' என்று பதின்மூன்று வாரத் தொடர் ஒன்றை எடுத்தது. விலாசம் தப்பிய கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் தபால் குமாஸ்தாதான் கதாநாயகி. அந்த வேஷம் ஸ்டோர்க்காரரின் மனைவிக்குக் கிடைத்தது. பெயர் வைத்த ராசியோ என்னவோ, தொடரும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. புதிதாக வந்த மேலதிகாரி இரண்டு பாகம் பார்த்துவிட்டு, இதில் அழுகை போதாது என்று சொல்லிக் கிடப்பில் போட்டுவிட்டார். பிறகு டேப் தட்டுப்பாடு வந்தது. பதின்மூன்றையும் அழித்துக் கொடு என்று உத்தரவு வந்தது. அழித்தது ஸ்டோர்க்காரர். உத்தரவு என்றால் அவர்தான் என்ன செய்வார், பாவம், என்றுதான் மனைவியும் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

அப்படித் தொலைந்ததைத் தேடிப் பிடிப்பதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. 'பரண்' என்று பெயர். ஒளிபரப்பாகாத தொடர்களை யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்தாவது கிளப்பி, கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பார்கள். காசும் கிடையாது, பேரும் கிடையாது, சொந்தப் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இந்த வீட்டு மகள், படங்களுக்குச் சப்டைட்டில் போடுகிறவள், இரண்டு வருஷமாக அதில் இருக்கிறாள். தன் அம்மா யார் என்று அவள் ஒருநாள் வாய் தவறிச் சொல்லப்போக, கூட்டம் வேலையில் இறங்கிவிட்டது. விளம்பரக் கம்பெனிகளுக்குப் பார்வைக்குப் போன பிரதிகள், ஒலிப்பதிவாளர் வீட்டுப் பெட்டி என்று அலைந்து, பதின்மூன்றில் பன்னிரண்டைத் தேற்றிவிட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஸ்டோர்க்காரரின் மனைவிக்கு 'தபாலக்கா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கிடைக்காத ஒன்று கடைசிப் பாகம். அதற்குப் பிரதி உலகத்திலேயே ஒன்றுதான். அழிப்பதற்கு முன்னால் ஸ்டோர்க்காரர் மனைவிக்காக வீட்டுக் கேசட்டில் எடுத்து வந்து கொடுத்தது. அதுதான் இப்போது மேசை மேல் இருக்கிறது.

அதில் என்ன இருக்கிறது என்று தபாலக்கா பார்த்ததே இல்லை. வீட்டில் அப்போது மெஷின் கிடையாது. மகளுக்கு நாலு வயசானபோது, தூரத்து நகரத்திலிருந்து ஒரு தயாரிப்பாளர், ஆறு மாசம் அங்கே தங்கி நடிக்க முடியுமா என்று கேட்டு எழுதினார். நடித்ததில் நல்லதாக ஒன்றை அனுப்பச் சொன்னார். அவள் இந்தக் கேசட்டை அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து அது திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'பார்த்தோம். நன்றி.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தபாலக்கா யாரிடமும் வேஷம் கேட்கவில்லை. கேசட்டை அலமாரியில் போட்டவள், எடுத்துப் பார்க்கவும் துணியவில்லை. ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பல் பிடுங்க வருகிறவர்களிடம் "வலிக்கவே வலிக்காது" என்று நாளுக்கு முப்பது தடவை சொல்கிறாள். எல்லோரும் நம்புகிறார்கள். நடிப்பு வீண்போகவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் உள்ளே ஒரு கேள்வி இருபத்தாறு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற அளவுக்கா மோசமாக நடித்தேன்? கிடைத்த பன்னிரண்டு பாகத்தையும் மகளின் கம்ப்யூட்டரில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அப்படி ஒன்றும் குறை தெரியவில்லை. அப்படியானால் குறை பதின்மூன்றாவதில்தான் இருக்க வேண்டும். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், ஆமாம், சுமார்தான் என்று ஒத்துக்கொண்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

*

காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையில் ஸ்டோர்க்காரர் ஒரு அட்டைப்பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார். காலாவதியான மாத்திரைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுக்கப்போகிறாராம். இன்றைக்குத்தான் அந்த வேலை ஞாபகம் வந்தது பாருங்கள்.

ஒட்டும் டேப்பை இழுத்துக் கத்தரித்ததும், முனையை ஒரு நூல் அளவுக்கு உள்பக்கமாக மடித்து, பிறகுதான் அழுத்தினார். அவர் எதை ஒட்டினாலும் அப்படித்தான். அந்த வீட்டில் பருப்பு டப்பா, பரிசுப் பொட்டலம், உடைந்த ரிமோட் என்று எதில் டேப் இருந்தாலும் நுனி மடிந்திருக்கும். பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாது, ஸ்டோரில் வேலை பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி என்பார். கல்யாணமான புதிதில் தபாலக்கா இதைப் பார்த்துத்தான், பரவாயில்லை, அடுத்தவர்களை நினைக்கிற மனுஷன் என்று சந்தோஷப்பட்டாள்.

வாசல் மணி அடித்தது. வந்தவர் பரணில் 'பிசிறு' என்று பெயர் வைத்திருப்பவர். நாற்பது வயசு, பிழைப்புக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர். இரண்டு பழைய வீடியோ மெஷின்களைக் குழந்தையைச் சுற்றுவது போலப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்திருந்தார். தபாலக்காவைப் பார்த்ததும் மெஷின்களைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார். அப்புறம் ஏழாவது பாகத்தில் அவள் பேசிய வசனம் ஒன்றை அட்சரம் பிசகாமல் சொன்னார். தபாலக்காவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

மகள் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒயர் இழுத்தாள். பிசிறு தங்கள் சட்டதிட்டங்களைச் சொன்னார். பழைய டேப் இரண்டாவது தடவை ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் போடுவது ஒரே ஒரு தடவை, அப்போதே பதிவாக வேண்டும். நடுவில் நிறுத்துவது, வேகமாகத் தள்ளி ஓட்டுவது கிடையாது. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை எது வந்தாலும் வெட்டாமல் அப்படியே ஏற்றுவார்கள். அது ஓட ஓடப் பரண்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டிலிருந்தே பார்ப்பார்கள். திரை ஓரத்தில் எண்ணிக்கை ஓடியது. முந்நூற்று நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

ஸ்டோர்க்காரர் எழுந்து செருப்பை மாட்டினார். பால் வாங்கி வருகிறேன் என்றார்.

மகள் ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருக்கிறதே என்றாள். அவர் அது நேற்றையது என்றார். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொள்ள மறந்து போய்விட்டார். இத்தனை வருஷம் கழித்து நம்மைத் திரையில் பார்க்கக்கூட இவருக்கு உட்கார மனசில்லையே என்று தபாலக்காவுக்குச் சுருக்கென்றது. வந்தவர் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

பிசிறு கேசட்டை உறையிலிருந்து எடுத்தார். டார்ச் அடித்து, மூடியைத் தூக்கி, சுருளைப் பார்த்தார். பூஞ்சை ஒரு பொட்டுக்கூட இல்லை, நேற்று வாங்கினது மாதிரி இருக்கிறது என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். மகள் அதை உடனே பரணுக்குத் தட்டிவிட்டாள். திரையில் கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன.

பிறகு அவர் கேசட்டின் முதுகைத் திருப்பினார்.

"அட, இங்க ஏதோ ஒட்டியிருக்கே."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வீடியோ கேசட்டின் முதுகில், ஓரமாக, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த கேசட்டில் எந்த மெஷினும் புதிதாக எதையும் பதிவு செய்யாது. அதில் இருப்பது பத்திரம். மனசு மாறி மறுபடி பதிய வேண்டுமென்றால் ஒரு துண்டு டேப்பை அந்த ஓட்டையின் மேல் ஒட்டினால் போதும், மெஷின் ஏமாந்துவிடும்.

அந்தப் பல்லை ஸ்டோர்க்காரர் உடைத்தது தபாலக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதே மேசையில்தான். ஸ்க்ரூடிரைவரால் ஒரு நெம்பு நெம்பினார். இனிமேல் இதை எந்த மேலதிகாரியாலும் அழிக்க முடியாது என்று சொல்லி, உடைந்த துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அன்றைக்கு அழுதுவிட்டாள்.

இப்போது அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு டேப் இருந்தது. மஞ்சளடித்து, மொரமொரத்துப் போயிருந்தது. பிசிறு அதை மெதுவாகப் பிடித்து இழுத்தார், ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"யாரோ நல்ல மனுஷன்க்கா. உரிக்க வசதியா நுனியை மடிச்சு விட்டிருக்கார்."

தபாலக்கா அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நூல் அளவு மடிப்பு. பக்கத்தில் மருந்துப் பெட்டி இருந்தது. அதையும் பார்த்தாள். இருக்காது, வேறு எதற்காவது ஒட்டியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு எதற்கு ஒட்டுவார் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை.

பிசிறு கேசட்டை மெஷினுக்குள் தள்ளினார்.

*

கொஞ்சம் மழைக் கோடு. பிறகு இசை. பிறகு செய்தி.

கழுத்துவரை பட்டன் போட்ட ஒரு ஆண் செய்தி வாசிப்பாளர். வணக்கம் சொன்னார், தேதி சொன்னார், ஞாயிற்றுக்கிழமை என்றார். ஏதோ ஒரு பாலம் திறந்தார்களாம்.

பரணிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. கேசட் மாறிப்போச்சா? இது முன்னோட்டமா இருக்கும், பொறுங்க. கதையில செய்தி வாசிக்கிற காட்சி இருக்கோ என்னவோ. அப்படி ஒரு காட்சி இல்லை என்று அந்த அறையில் ஒருத்திக்குத் தெரியும்.

மகள், கொஞ்சம் தள்ளி ஓட்டிப் பார்க்கலாமா என்று பிசிறின் காதருகே கேட்டாள். அவர் கூடாது என்று தலையை ஆட்டினார். விதி விதிதான். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

தபாலக்கா தேதியைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிறை அவள் மறக்கவில்லை. தயாரிப்பாளருக்குப் பார்சல் அனுப்பியது அதற்கு அடுத்த திங்கள். சனிக்கிழமை ஸ்டோர்க்காரர் அவராகவே வந்து கேட்டார், கேசட்டைக் கொடு, ஆபீஸில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, தபாலில் உடையாதபடி கட்டிக் கொண்டுவருகிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில்கூட வேலைக்குப் போனார். நமக்காக மெனக்கெடுகிறாரே என்று அவள் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். திங்கள் காலை பொட்டலம் வந்தது. அழகாக ஒட்டி, நுனி மடித்து. அவளே வரிசையில் நின்று தபாலில் சேர்த்தாள்.

திரையில் வானிலை வந்தது. லேசான மழை இருக்கலாம் என்றார்கள்.

அப்படியானால் அந்தத் தயாரிப்பாளர் பார்த்தது இதைத்தான். பாலத்தையும் மழையையும் பார்த்துவிட்டு, பார்த்தோம், நன்றி என்று எழுதியிருக்கிறார்கள். அவள் முகத்தை யாருமே பார்க்கவில்லை. பார்க்காத முகத்தை வேண்டாம் என்று சொன்னதாக நினைத்து, இருபத்தாறு வருஷம் கண்ணாடி முன்னால் நின்று, மூக்கு சரியில்லையோ, குரல் சரியில்லையோ என்று குறை தேடியிருக்கிறாள். அழுகை வரும் என்று பார்த்தால் வரவில்லை. காது மட்டும் தீயாகச் சுட்டது.

இருபத்து மூன்றாவது நிமிஷம் செய்தி வாசிப்பாளர் கும்பிட்டார். படம் ஒரு குலுக்குக் குலுங்கியது. கோடு கோடாக ஓடியது. அந்தக் கோடுகளுக்கு நடுவிலிருந்து தபாலக்கா எழுந்து வந்தாள்.

முப்பது வயசு. தபால் அலுவலக மேசை. கையில் பிரித்த கடிதம். எதிரே நிற்கும் அதிகாரியின் தோள் மட்டும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தி சீக்கிரம் முடிந்துவிடும் என்பது ஸ்டோர்க்காரருக்கு மறந்துவிட்டதோ, அல்லது அதற்கு மேல் அங்கே உட்கார மனசு வரவில்லையோ, நாடகத்தின் வால் அழியாமல் தங்கிவிட்டது.

திரையில் இருந்தவள் நிதானமாகத் தலையைத் தூக்கினாள். "யாரும் படிக்கலைன்னு எப்படி சார் எழுதறது? நான் படிச்சேனே" என்றாள். குரல் உயரவில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். போடும்போது விரல் ஒரு தடவை தயங்கியது. பிறகு பெயர்கள் ஓடின. பிறகு ஒன்றுமில்லை.

ஐம்பத்திரண்டு வினாடி.

நன்றாக நடித்திருந்தாள். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அந்த விரல் தயக்கத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகச் செய்தது. தபாலக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

பரணில் ஒரே அமர்க்களம். கடைசிக் காட்சி கிடைத்துவிட்டது, ஐம்பத்திரண்டு வினாடி, யாரும் பார்த்ததே இல்லை, நாம்தான் முதலில் பார்த்தோம் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். ஒருத்தர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எழுதினார். புதையல் எடுத்தவர்களுக்கு மண் யாருடையது என்கிற கவலை ஏது. பிசிறுகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது போதும்க்கா, இது போதும் என்றார். தபாலக்கா அவருக்கு ஆஸ்பத்திரிச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவைத்தாள்.

*

ஸ்டோர்க்காரர் பால் பாக்கெட்டோடு வந்தபோது மெஷின் அணைந்திருந்தது. நேராகச் சமையலறைக்குப் போய், பாலை அடுப்பில் சின்னத் தீயில் வைத்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. கேட்காமலே உட்கார்ந்தார்.

பிசிறு படிவத்தைத் திறந்து வைத்திருந்தார். பரணில் ஏறும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு உண்டு. எங்கே கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது, மீதி என்ன ஆனது. கடைசிக் கட்டத்தில் நாலு வழிதான்: பூஞ்சை, ஈரம், மேற்பதிவு தவறுதலாக, மேற்பதிவு வேண்டுமென்றே. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் படிவம் போகும். முந்நூற்று நாற்பது பேரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

ஸ்டோர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

"தவறுதலான்னு போட்டுடுங்க தம்பி. வீட்டுக் கேசட்ல இதெல்லாம் நடக்கிறதுதானே."

பிசிறின் விரல் அந்தப் பக்கம் போனது. அவருக்கு என்ன தெரியும்.

"தம்பி," என்றாள் தபாலக்கா. "அந்த ஓட்டையை மூடாம, தவறுதலாப் பதிவாகுமா?"

"ஆகாதுக்கா. மெஷின் எடுத்துக்காது."

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கேன்."

அவள் அந்த மஞ்சள் துண்டை எடுத்து மருந்துப் பெட்டியின் மேல் வைத்தாள். நுனிக்குப் பக்கத்தில் நுனி. அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மகள் முதலில் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா" என்று மட்டும் சொன்னாள். பிசிறு சட்டென்று குனிந்து, சுற்றத் தேவையில்லாத ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஸ்டோர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்லை என்று சொல்வார் என்று தபாலக்கா எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் டேப்போடு வாழ்ந்த மனுஷனுக்குச் சாட்சி எது என்று தெரியாதா.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குழந்தைக்கு அப்போது நாலு வயசு. ஆறு மாசம் என்று எழுதியிருந்தார்கள், ஆறு மாசத்தில் எவன் விடுவான். உன் நடிப்பை நான் பார்த்தேன், பார்த்த எவனும் உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டான் என்று தெரிந்துபோயிற்று. அந்த ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பிறகு கை தானாகச் செய்துவிட்டது. இப்படித் துண்டு துண்டாகச் சொன்னார்.

"போயிருந்தா நீ திரும்பி வந்திருக்க மாட்டே."

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா?"

தபாலக்கா யோசித்துப் பார்த்தாள். உண்மையிலேயே யோசித்தாள்.

"கேட்டிருப்பேன்," என்றாள்.

அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒரு வாய் வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியது. போகாதே என்று சொல்லியிருந்தால் அவர்மேல் கோபப்பட்டு, நாலு நாள் பேசாமல் இருந்து, பிறகு சரியாகியிருப்பாள். கோபப்பட ஒரு ஆளாவது எதிரில் இருந்திருப்பார். இவர் தன் மேல் வர வேண்டிய கோபத்தை அவள் முகத்தின் மேலேயே திருப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார். அந்தச் சீட்டு வந்த அன்றைக்கு, விடு, அவனுக்கு ரசனை இல்லை என்று தலையைத் தடவிக் கொடுத்தவரும் இவர்தான்.

"நல்லா நடிச்சிருந்தேன்னு உங்களுக்கு மட்டும் தெரியும்," என்றாள். "என்கிட்டகூடச் சொல்லலை."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு மகளின் பக்கம் திரும்பி, ஏதோ ஒரு காரணம் போட்டு முடித்துவிடுங்கள், ஊரெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும், என்னோடு வேலை பார்த்தவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் முதல் தடவையாக இரண்டு பேரும் தபாலக்கா என்ன சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேண்டுமென்றே என்பதைத் தேர்ந்தெடுத்தாள். கீழே இருந்த இடத்தில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். தயாரிப்பாளருக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் இந்தக் கேசட்டின் மேல் செய்தி பதியப்பட்டது. பதிந்தவர் நடிகையின் கணவர். கேசட் மூன்று வாரம் கழித்து 'பார்த்தோம். நன்றி.' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. நடிகைக்கு இது இன்றைக்குத்தான் தெரியும்.

அனுப்பினாள். ஆரவாரமாக இருந்த பரண் கப்சிப்பென்று ஆனது.

பிசிறு மெஷின்களைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, காபிகூட வேண்டாம் என்று கிளம்பினார். வாசலில் நின்று, மன்னிச்சிடுங்கக்கா என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. மகள் அவரைக் கீழே கொண்டுபோய் விடப் போனாள். ஸ்டோர்க்காரர் மெல்ல எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒரே காலையில் பத்து வயசு கூடின மாதிரி இருந்தார்.

தபாலக்காவின் போன் முணுமுணுத்தது. மகள் அதிலும் பரணைப் போட்டுக் கொடுத்திருந்தாள். பரணில் 'பழைய ஆண்டெனா' என்ற பெயரில் இருப்பவர். யார், எவர் என்று மகளுக்கே தெரியாது. எல்லோருக்கும் போகிறபடி எழுதவில்லை, அவளுக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தார்.

'அக்கா, அந்தச் சீட்டை எழுதினவன் நான்தான். அந்த ஆபீஸ்ல அப்போ நான் எடுபிடி. பார்த்தோம் நன்றின்னு நூறு சீட்டு முன்னாடியே எழுதி அடுக்கி வச்சிருப்பேன். உங்க கேசட்டை யாரும் மெஷின்ல போடவே இல்லை. அந்த வேஷத்துக்கு முதலாளி தன் கொழுந்தியாளை ஏற்கெனவே பேசி முடிச்சிருந்தார். நான்தான் உறை மாத்தித் திருப்பி அனுப்பினேன். அதுல என்ன இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இன்னிக்கு அந்த ஐம்பத்திரண்டு வினாடியைப் பார்த்துட்டு உட்கார முடியலை. நேர்ல வந்து சொல்லணும். நாளைக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா?'

தபாலக்கா இரண்டு தடவை படித்தாள்.

இதை ஒரே ஒரு வரியாக வாய் திறந்து சொன்னால் போதும். சமையலறை வாசலில் நிற்கிறவர் மூச்சு விடுவார். நீங்கள் அழித்தாலும் அழிக்காவிட்டாலும் ஒன்றுதான், அவர்கள் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான். சொல்வதற்கு நாலு நொடிகூட ஆகாது. ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வலிக்கவே வலிக்காது என்று சொல்கிறவளுக்கு இது பெரிய காரியமா?

"என்ன?" என்றார் அவர், அங்கிருந்தபடியே. "ஏதாவது எழுதறாங்களா? என்னைப் பத்தியா?"

தபாலக்கா பதில் எழுதினாள். 'வீட்டுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வாங்க. பதினோரு மணிக்கு.' அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணுமில்லை," என்றாள். "பால் பொங்குது, பாருங்க."